எழுத்தெல்லாம் தெரியுது, சொல்லைப் படிக்கத் தெரியலை. என்ன செய்யலாம்?

திண்ணை வகுப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். செஞ்சி பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. 2021 கடைசியில, பள்ளி நேரம் முடிஞ்சப்புறம் தன்னார்வலர்கள் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற அரசோட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஆரம்பிச்சப்ப, தன்னார்வலரா சேர்ந்தேன். பி.காம். படிச்சிருக்கேன், டீச்சர் ட்ரெயினிங் எதுவும் கிடையாது. அப்ப பழகின பிள்ளைங்க விடாம வந்துகிட்டே இருந்ததால, இப்பவும் சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் எங்க வீட்டுத் திண்ணையில வெச்சுச் சொல்லித் தர்றேன். இன்னைக்குத் தேதிக்குப் பதினாலு பேர்.

அதுல ஒரு பையனைப் பத்தித்தான் கேட்கணும். மூணாம் வகுப்பு. பள்ளியில நடக்கிற எண்ணும் எழுத்தும் வகுப்புல (அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித் தர்ற அரசுத் திட்டம்) இன்னும் முதல் படியான அரும்பு நிலையிலேயே இருக்கான். அவன்கூடப் படிக்கிற பிள்ளைங்க மொட்டு, மலர்னு போயிட்டாங்க. ஆனா இவன் எழுத்தே தெரியாதவன் இல்லை, அதுதான் எனக்குக் குழப்பம். சார்ட்டுல 12 உயிர், 18 மெய், ஆய்தம் எல்லாம் சொல்லுவான். "க கா கி கீ"ன்னு ராகம் போட்டு ஆரம்பிச்சான்னா 'ன' வரிசை முடியிற வரைக்கும் நிறுத்த மாட்டான். வரிசையை மாத்தி, குச்சியால அங்கங்க தொட்டுக் கேட்டாலும் முக்கால்வாசி சரியாத்தான் வருது. ணு, நூ, றூ மாதிரி சிலதுல தடுமாறுவான், அவ்வளவுதான்.

ஒரு சொல்லைக் காட்டினா எல்லாம் நின்னு போயிடுது.

போன வாரம் நடந்ததைச் சொல்றேன். ஒரு அட்டை. மேல வால் வெச்ச பட்டத்தோட படம், கீழ 'பட்டம்'னு எழுதியிருக்கு. விரலை வெச்சுப் படிக்கிறான். "ப... இட்... ட... இம்." நாலு எழுத்தும் சரி. "சேர்த்துச் சொல்லுடா"ன்னேன். "பஇட்டஇம்"னான். இன்னும் வேகமா, "பஇட்டஇம்." கொஞ்ச நேரம் முழிச்சான். அப்புறம் படத்தைப் பார்த்தான், முகம் அப்படியே மலர்ந்துடுச்சு. "காத்தாடி!"

எங்க ஊர்ல காத்தாடின்னுதான் சொல்லுவோம். பட்டம்ங்கிற சொல்லே அவன் வீட்டுல புழங்காது. சரின்னும் சொல்ல முடியலை, தப்புன்னும் சொல்ல முடியலை. படத்தை உள்ளங்கையால மூடிட்டு மறுபடி படிக்கச் சொன்னேன். "பஇட்..." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துகிட்டே, "பட்டாணி? பட்டாசு? பாட்டி?" ஒவ்வொண்ணு சொல்லிட்டும் என் முகத்துல ஏதாவது தெரியுதான்னு பார்க்கிறான். அட்டையில என்ன இருக்குன்னு அவன் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் படிக்கிறான்.

'அம்மா'ன்னு எழுதினா பட்டுனு சொல்லுவான். சரி, இது வருதேன்னு சந்தோஷப்பட்டு 'அம்பு'ன்னு எழுதினேன். அதையும் அம்மான்னான். 'அம்பலம்' எழுதினேன். அதுவும் அம்மாதான்.

மந்தமான பிள்ளைன்னு யாரும் நினைச்சுடாதீங்க. கடைக்கு அனுப்பினா மீதிச் சில்லறையைக் காசு பிசகாம வாங்கிட்டு வருவான். ராத்திரி அவங்க ஆயா சொன்ன கதையை மறுநாள் ஒரு வார்த்தை விடாம சொல்லுவான். அவங்க அம்மா மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கப் போறவங்க, கையெழுத்து மட்டும் போடத் தெரியும். போன வாரம் திண்ணையோரம் நின்னு, "எம் புள்ளைக்கு மண்டையிலயே ஏறாதா அம்மா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. ஏன்னா அவனுக்கு ஏறுது. நான்தான் எங்கியோ தப்பா சொல்லித் தர்றேன்னு தோணுது.

247 எழுத்தையும் மறுபடி முதல்லேருந்து சொல்லித் தரணுமா? இல்லை, சொல் அட்டைகளையே திரும்பத் திரும்பக் காட்டி மனப்பாடம் பண்ண வைக்கணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


தென்காசி அப்பா எழுதியது:

சகோதரி, எங்க காலத்துல தினம் ஒரு வரிசையைப் பத்துத் தடவை சிலேட்டுல எழுதணும். தப்பா எழுதினா இருபது. அப்படித்தான் எனக்கு வந்துச்சு, என் பொண்ணுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். எழுத்து கையில ஊறிடுச்சுன்னா சொல் தானா வந்துடும். அவசரப்படாதீங்க, ரெண்டு மாசம் எழுத வெச்சுப் பாருங்க.


திண்ணை வகுப்பு எழுதியது:

நன்றி அண்ணா. எழுத வெச்சுட்டுத்தான் இருக்கேன். ஆடி மாசத்துலேருந்து ரெண்டு நாற்பது பக்க நோட்டு தீர்ந்துடுச்சு. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. எழுதின சொல் என்னன்னு கேட்டா மட்டும் தெரியலை.


புதுக்கோட்டை வாத்தியார் எழுதியது:

அம்மா, வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பையனுக்கு ஒரு குறையும் இல்லை. "ப, இட், ட, இம்" என்று அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது.

அந்த இரண்டு 'இ' எங்கிருந்து வந்தன? அட்டையில் 'இ' இல்லையே. நாமாகச் சேர்த்துக் கொடுத்தவை அவை. மெய்யெழுத்தைத் தனியாக வாயால் சொல்லிக் காட்டுவது கடினம் என்பதால் முன்னால் ஒரு 'இ' வைத்து இக், இங், இச் என்று பழக்குகிறோம். சொல்லிக் காட்ட ஒரு பெயர் வேண்டும், வைத்தோம். "மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்" என்பது தொல்காப்பியம். இலக்கணக்காரர்கள் அகரத்தைச் சேர்த்து ககரம், மகரம் என்றார்கள், நாம் வகுப்பில் இகரத்தைச் சேர்த்து இக், இம் என்கிறோம். எது சேர்த்தாலும் அது பெயர். படிக்கும்போது வர வேண்டியது ஒலி. உங்கள் பையன் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை, நீங்கள் கொடுத்த நாலு பெயரையும் நேர்மையாகக் கூட்டிப் பார்க்கிறான். பஇட்டஇம்தான் வரும். உலகத்தில் யார் கூட்டினாலும் அதுதான் வரும்.

ஆகவே முதல் வேலை, சொல்லைப் படிக்கும் நேரத்தில் 'இம்' என்ற பேச்சே வேண்டாம். 'ம்' என்ற எழுத்தைக் காட்டினால் உதட்டை மூடி மூக்கால் முனக வேண்டும், அவ்வளவுதான். 'ல்' என்றால் நாக்கு நுனி மேலே போய் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். வாய் இருக்கும் நிலைதான் எழுத்து என்று அவனுக்குப் புரிய வையுங்கள். ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி கையில் கொடுங்கள். நான் வகுப்புக்கு நான்கு கண்ணாடி வாங்கி வைத்திருந்தேன், திருவிழாக் கடையில்.

மாத்திரைக் கணக்கைக் கல்லூரியில்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை. கண் இமைப்பதும் கை நொடிப்பதும் ஒரு மாத்திரை என்று முன்னோர் சொன்னது ஆறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே பிடிக்கும். நான் செய்தது இப்படி: குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்குத் தட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டு போவது. மெய்க்குத் தட்டே கிடையாது, தட்டின கையை மூடிக்கொள்வது. 'பல்': தட்டு, மூடு. 'பால்': தட்டி இழு, மூடு. மெய்க்குத் தனியாகத் தட்டு இல்லை என்று கை பழகிவிட்டால் வாயும் 'இ' போடாது.

அடுத்தது, எங்கே பிரிப்பது என்பது. எழுத்து எழுத்தாகக் கூட்டச் சொல்லாதீர்கள். நம் மொழியில் சொல்லுக்குள் புள்ளி வைத்த எழுத்து எப்போதும் தனக்கு முன்னால் இருக்கும் எழுத்தோடுதான் ஒட்டும். பட்-டம். தம்-பி. அம்-பு. இரண்டு மெய் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே: வாழ்த்-து, பார்த்-தான். இதற்கு விதிவிலக்கு தேடி நான் களைத்துப் போனதுதான் மிச்சம். எனவே பென்சிலால் எழுத்துக்குக் கீழே ஒரு சின்ன வளைவு போடுங்கள், 'பட்' ஒரு வளைவு, 'டம்' ஒரு வளைவு. புள்ளியைக் கண்டால் இடது பக்கம் சேர்த்து வளை. இந்த ஒரு பழக்கம் வந்தால் 'அம்பு' அம்மாவாக மாறாது, ஏனென்றால் 'அம்' முடிந்த பிறகு 'பு'வைப் பார்த்தே ஆக வேண்டும்.

பட்டத்தில் தொடங்க வேண்டாம், அது இரண்டாவது மாதத்துப் பாடம். முதலில் ஒரே வளைவுச் சொற்கள்: பல், கல், கண், மண், பால், நாய், வாய். பிறகு கடைசியில் மட்டும் மெய் வருபவை: படம், மரம், பழம், கடல், நகம். 'டம், ரம், ழம், தம், பம், கம்' என்று அந்தக் கடைசித் துண்டுகளைத் தனி அட்டையாக்கி, முன்னால் ஓர் எழுத்தை வைத்து மாற்றி மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். ப-டம், ம-டம், வ-டம், தடம். நடுவில் மெய் வருவது அதற்கப்புறம்தான்.

247-ஐயும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கு வர வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை. 1991-இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது நானும் மாலையில் பாடம் எடுத்தேன். கல் உடைக்கப் போகும் பெண்கள், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உட்காருவார்கள். அவர்களுக்கு 'பட்டா' என்ற சொல்தான் எடுத்த எடுப்பில். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பது அவர்கள் வாழ்க்கை. பட்-டா. அதிலிருந்து ப, ட, டா. மறுநாள் 'பாட்டி', 'படி'. ஆறு எழுத்து தெரிந்த பெண் ஆறு சொல் படித்தாள். அதைப் பார்த்த பிறகு நான் பள்ளியில் பிள்ளைகளுக்கு வரிசைப் பாட்டு நடத்துவதைக் குறைத்துக்கொண்டேன். பின்னால் 2007-இல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை மாநிலம் முழுக்க வந்தபோது எளிய வடிவமுள்ள எழுத்துகளில் ஆரம்பித்து உடனே சொல்லுக்குப் போனார்கள். எனக்கு அதில் சில குறைகள் உண்டு, ஆனால் அந்த ஒன்று சரி.

உயிர்மெய்க் குறிகளில் துணைக்கால் முதலில் வரட்டும். கா, பா, மா. எழுத்துக்கு வலப்பக்கம் நிற்கிறது, ஒலியும் பின்னால்தான் நீள்கிறது. கண்ணும் வாயும் ஒரே திசையில் போகும். கொம்புகளைக் கடைசிக்கு வையுங்கள். 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் வருகிறது, வாய்க்குப் பின்னால் வருகிறது. 'கொ' வந்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். உகரம் எழுத்துக்கு எழுத்து வேறு உருவம்: கு, சு, து, ணு. நாங்கள் படித்த காலத்தில் இதைவிடக் கஷ்டம். 'னை', 'லை' என்பவற்றுக்குத் தும்பிக்கை போல ஒரு வடிவம் இருந்தது, 'ணா', 'றா', 'னா' சுருட்டிக்கொண்டு நிற்கும். 1978-இல் அரசு மாற்றியது. பிள்ளைகள் பிழைத்தன.

அந்தத் தாயிடம் சொல்லுங்கள், ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்று.


லண்டன் அம்மா எழுதியது:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். ஐயா எழுதினதை வாசிக்க எனக்கு மெய்சிலிர்த்துப் போச்சு, ஏனெண்டால் இதே விசயத்தை எனக்கு இங்க இங்கிலிஷுக்குச் சொல்லித் தந்தவை.

என்ர மகள் நாலு வயசில ரிசப்ஷன் வகுப்புக்குப் போகேக்க, பள்ளிக்கூடத்தில அம்மா அப்பாமாரைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் ஃபோனிக்ஸ் வகுப்பு எடுத்தவை. டீச்சர் முதல் சொன்னது, எழுத்தின்ர பேரைச் சொல்லாதேங்கோ, சத்தத்தைச் சொல்லுங்கோ எண்டு. 'எம்' எண்டுற எழுத்தைக் காட்டி எங்கள் எல்லாரையும் சொல்லச் சொன்னா. நாங்கள் அத்தனை பேரும் "மஹ்" எண்டு சொன்னம். அவ தலையை ஆட்டினா. "மஹ்-அ-டஹ்" எண்டு கூட்டினால் ஒரு நாளும் 'மேட்' வராது, வாயை மூடி "ம்ம்ம்" எண்டு மட்டும் சொல்லுங்கோ எண்டா. அவை பின்னால ஒரு 'அ' ஒட்டாதேங்கோ எண்டினம், நாங்கள் முன்னால 'இ' ஒட்டுறம். ரெண்டும் ஒரே பிழைதான் அக்கா.

இன்னுமொண்டு. இங்க 2012-ல இருந்து ஒரு சோதினை வைக்கினம். பிள்ளை இயர் வன் படிக்கேக்க, ஐஞ்சு ஆறு வயசில, ஜூன் மாசம். டீச்சரோட தனிய இருந்து 40 சொல்லு வாசிக்க வேணும். அதில 20 சொல்லு பொய்ச் சொல்லு. அர்த்தமே இல்லாதது. பக்கத்தில ஒரு விசித்திரப் பிராணியின்ர படம் போட்டிருக்கும், இது அதின்ர பேர் எண்டு பிள்ளைக்குச் சொல்லுவினம். முதல் கேள்விப்படேக்க எனக்குக் கோபம் வந்தது. இல்லாத சொல்லை ஏன் குழந்தையளுக்குப் படிப்பிக்கினம் எண்டு. பிறகுதான் விளங்கிச்சு. பொய்ச் சொல்லைப் பாடமாக்கி வச்சிருக்கேலாது. படத்தைப் பார்த்தும் சொல்லேலாது. டீச்சரின்ர முகத்தைப் பார்த்தும் சொல்லேலாது. எழுத்தைக் கூட்டினால் மட்டும்தான் வரும்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில என்ர மகளும் உங்கட பையன் மாதிரித்தான் நிண்டவள். 'பந்து' படம் போட்டிருந்தால் இங்கிலிஷில யோசிச்சு "போல்" எண்டு சொல்லிப்போட்டு என்னைப் பார்ப்பாள். நான் ஒரு கொப்பியில பூதங்கள் கீறி ஒவ்வொண்டுக்கும் பேர் வச்சன்: டபம், மகல், பிமன், தாடல். "இந்தப் பூதத்தின்ர பேர் என்ன?" எண்டு கேட்பன். ஆசை ஆசையா வாசிச்சாள். ஒரு நாளைக்கு நாலு பூதம் மட்டும், அதுக்கு மேல வேண்டாம். மிச்ச நேரம் உண்மையான சொல்லுதான். ஏனெண்டால் வாசிச்ச சொல்லுக்கு ஒரு அர்த்தம் மனசில வந்து விழுகிற சந்தோசம் பிள்ளைக்கு வேணும், பூதம் அதைத் தராது.


மொழி பேச்சு எழுதியது:

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். மேலே சொன்ன எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறேன், இரண்டு மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

அந்தப் பையன் பேசும்போது 'படம்' என்று சொல்வதில்லை. நாமும் சொல்வதில்லை. "படொ" என்று மூக்கால் முடிக்கிறோம், கடைசியில் உதடு மூடுவதே இல்லை. மரம், பணம், பழம் எல்லாம் அப்படியே. அவன் காதில் இல்லாத 'ம்' திடீரென்று தாளில் உட்கார்ந்திருக்கிறது. சரியாகக் கூட்டி "படம்" என்று சொன்ன பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று சில நொடி அவனுக்கு உறைக்காது. அந்த நேரத்தில் "நம்ம வீட்டுல இதை எப்படிச் சொல்லுவோம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "படொ!" என்பான். அதைத் தப்பு என்று திருத்த வேண்டாம். தாளில் இருப்பதும் தன் வாயில் இருப்பதும் ஒரே பொருள் என்று அவனே கண்டுபிடிக்கிற இடம் அது. காத்தாடி சொன்னதும் அப்படித்தான். "ஆமாம், நாம காத்தாடிங்கிறோம், இங்க வேற பேர் எழுதியிருக்கு, என்ன பேர்னு பார்ப்போமா" என்று சொல்லலாம்.

அவனுக்கு எதிரே உட்காராதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி. முகம் தெரியாவிட்டால் தாளைத்தான் பார்த்தாக வேண்டும்.

பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள், சளி பிடித்தே இருக்கும் பிள்ளை என்றால் காது முக்கியம். டிஸ்லெக்சியா (வாசிப்பதில் உள்ள கற்றல் குறைபாடு) என்ற பெயரை இப்போது யாரும் அவன் மேல் வைக்க வேண்டாம். முறையாகக் கூட்டக் கற்றுக்கொடுத்து ஆறேழு மாதம் பார்த்த பிறகு பேச வேண்டியது அது.


திண்ணை வகுப்பு எழுதியது:

ஐயா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். ஏழு வாரம் கழிச்சு வர்றேன். செஞ்சு பார்த்துட்டுத்தான் எழுதணும்னு இருந்தேன்.

கண்ணாடி செஞ்சி வாரச் சந்தையில வாங்கினேன். முதல் நாள் 'பல்'. எழுதிக் காட்டி, "இல்னு சொல்லாத, நாக்கை மேல ஒட்ட வெச்சு நிறுத்து"ன்னேன். கண்ணாடியைப் பார்த்துகிட்டே "ப"ன்னான், நாக்கு மேல போச்சு, அங்கேயே நின்னுச்சு. சத்தம் வந்துடுச்சு. அவனுக்கே தெரியலை முதல்ல. மறுபடி சொன்னான். "பல்." அப்புறம் விரலை எடுத்து, முன்னால விழுந்து பாதி முளைச்சிருக்கிற பல்லைத் தொட்டான். நான் எதுவும் கேட்கலை. அவனாத் தொட்டான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அன்னைக்கே கல், கண், மண் மூணும் வந்துச்சு. மத்த பிள்ளைங்களும் கண்ணாடிக்குச் சண்டை போட்டாங்க, இப்ப எல்லாருக்கும் இதேதான் நடத்துறேன்.

ஐயா, நீங்க சொல்லியும் நான் ஒரு தப்புப் பண்ணினேன். நல்லா வருதேன்னு ரெண்டாவது வாரமே 'பட்டம்' அட்டையை எடுத்துட்டேன். உடனே "ப, இட்"ன்னு பழையபடி போயிட்டான். அட்டையை உள்ள வெச்சுட்டு மரம், படம், கடல்னு மூணு வாரம் ஓட்டினேன். அப்புறம்தான் வளைவு போட ஆரம்பிச்சேன். இப்ப அவனே பென்சிலை வாங்கி வளைவு போடறான். காகிதத்துல எதைப் பார்த்தாலும் போடறான். எங்க வீட்டு மஞ்சள்தூள் பாக்கெட்டுல 'மஞ்-சள்'னு ரெண்டு வளைவு இருந்துச்சு.

அக்கா, உங்க பூதம் இங்க பெரிய ஹிட். 'டபம்'னு ஒரு பூதம் வரைஞ்சேன், அதை அவன் தெரு நாய்க்கு வெச்சுட்டான். இப்ப ஊரே அந்த நாயை டபம்னுதான் கூப்பிடுது. பக்கத்துல உட்காருங்கன்னு சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய உதவின்னு சொல்லவே முடியாது. முதல் ரெண்டு நாள் கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினான். மூணாவது நாள் விட்டுட்டான்.

போன சனிக்கிழமை அவங்க அம்மா ரேஷன் கடைக்கு அவனையும் கூட்டிட்டுப் போயிருக்காங்க. வெளியில பலகையில சாக்பீஸ்ல எழுதியிருந்ததை நின்னு பார்த்திருக்கான். உதட்டை மூடித் திறந்து ஏதோ பண்ணிட்டு, "அம்மா, பாமாயில் இல்லையாம்"னு சொல்லியிருக்கான். அவங்க நம்பாம வரிசையில நின்னுருக்காங்க. உள்ள போய்க் கேட்டா, பாமாயில் இல்லை. அரிசிப் பையோட நேரா எங்க திண்ணைக்குத்தான் வந்தாங்க. நான் போய்ப் பலகையைப் பார்த்தேன். 'இன்று பாமாயில் இல்லை'. அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு, படம் எதுவும் இல்லை.

ஆனா ஒரு சந்தேகம் வந்து மறுநாள் சிலேட்டுல 'கை', 'பை'ன்னு எழுதிக் கேட்டேன். "க", "ப"ன்னான். கொம்பைத் தாண்டிட்டுப் போறான். பலகையிலயும் 'இல்லை'யை அவன் 'இல்ல'ன்னுதான் படிச்சிருக்கணும், நாம பேசறதும் அப்படித்தானே, அதனால பொருந்திப் போச்சு. ஐயா, கொம்புக்கு நேரம் வந்துடுச்சா? எந்தக் கொம்பை முதல்ல எடுக்கட்டும்? ஒத்தைக் கொம்பா?


புதுக்கோட்டை வாத்தியார் எழுதியது:

அம்மா, வந்துவிட்டது. ஒற்றைக் கொம்பு வேண்டாம், 'ஐ' கொம்பை முதலில் எடுங்கள். கை, பை, மை, தை, வை. ஒரே எழுத்து, அதுவே முழுச் சொல். அவன் எதையும் கூட்ட வேண்டியதில்லை, கொம்பை மட்டும் பார்த்தால் போதும். 'க' எழுதி, அவன் கண் முன்னாலேயே இடப்பக்கம் கொம்பைப் போட்டு 'கை'யாக்கிக் காட்டுங்கள், பிறகு அழித்துவிட்டு மறுபடி 'க'. ஒரு வாரம் இந்த ஐந்து மட்டும். அது நிலைத்த பிறகு தலை, மலை, இலை, அதன் பின் இல்லை.

'கெ', 'கே' தை மாதத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். பல்லைத் தொட்டான் என்று எழுதினீர்களே, அதை என் வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.